தட்டினால் கேட்கிற வீடு

நீங்கள் அனுப்பிய வரைபடங்களை மூன்று நாளாக மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகவே இருக்கின்றன. வெயில் எந்தப் பக்கம் விழும், மழைநீர் எந்தத் தொட்டிக்குப் போகும், வாரக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க நேர்ந்தால் ஒருவர் எங்கே உட்கார்ந்து வெளியே பார்ப்பார் என்பது வரை யோசித்திருக்கிறீர்கள். பெருந்தொற்றின்போது நாம் எல்லோரும் பட்ட பாடு உங்கள் கோடுகளில் தெரிகிறது. பதினாறு சின்ன வீடுகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒன்றின் சத்தம் மற்றொன்றுக்குப் போகாதபடி. அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

கருத்துச் சொல்லச் சொன்னீர்கள். ஓய்வு பெற்றவளிடம் கருத்துக் கேட்டால் கதைதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் என் மூக்கு உடைபடும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம், நானே இப்போது சிரிக்கிறேன். அப்போது சிரிக்கவில்லை.

தேயிலை விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. பச்சைத் தேயிலையைப் பறித்து விற்றால் பறித்த கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று கட்டபெட்டுப் பக்கம் பலர் செடியை வெட்டாமல் மரமாக வளர விட்டுவிட்டார்கள். சின்ன எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. குன்னூரில் எங்கள் அலுவலகம் என்பது ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை. வீடு கட்டுகிறவர்கள் யாரும் இல்லை. அந்த நேரத்தில்தான் ஓர் அறக்கட்டளை எங்களைத் தேடி வந்தது. அரவேணுவுக்கு அப்பால் மூடிப்போன எஸ்டேட் ஒன்றில் எட்டுக் குடும்பங்கள் பழைய லைனிலேயே தங்கிவிட்டார்கள், அவர்களுக்குச் சின்னதாக, செலவு குறைவாக, அந்த மண்ணிலேயே எட்டு வீடுகள் வேண்டும் என்றார்கள்.

லைன் வீட்டை நீங்கள் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். ஒரே கூரை, அதன் கீழே வரிசையாக எட்டு அறைகள். ஓர் அறை ஒரு குடும்பம். இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒற்றைச் சுவர். அந்த லைன் சரிவின் அடியில் இருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் மண்ணை வெட்டி, மண் சரியாமலிருக்க உயரமான தடுப்புச் சுவர் ஒன்றை வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியிருந்தார்கள்.

நான் முறைப்படி வேலை செய்கிறவள். கோயம்புத்தூரில் டிப்ளமோ படித்தபோதே அப்படித்தான் பழக்கினார்கள். எட்டுக் குடும்பத்துக்கும் எட்டுப் படிவம் அச்சடித்துக்கொண்டு போனேன். வீட்டில் எத்தனை பேர், எங்கே சமைக்கிறீர்கள், எங்கே ஒழுகுகிறது என்றெல்லாம் கேள்விகள். கடைசியில் 'குறைகள்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எட்டுப் பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதிலைச் சொன்னார்கள். இங்கே பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இருமினால் கேட்கும். தட்டினால் கேட்கும்.

எட்டு முறையும் எழுதிக்கொண்டேன். அது நல்லதா கெட்டதா என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கட்டத்தின் தலைப்பே குறைகள் என்று இருந்ததே, பிறகென்ன கேள்வி?

அப்புறம் என்ன, ஆர்வக்கோளாறுதான். சரிவுக்கு இருநூறு அடி மேலே, மேட்டின் தோளில், கெட்டியான தரை பார்த்து எட்டு வீடுகளை வரிசையாக வைத்தேன். இரண்டு வீட்டுக்கு நடுவில் எட்டடி இடைவெளி. அங்கே தோண்டிய மண்ணையே அச்சில் அழுத்திக் கல்லாக்கி, ஓரடி தடிமனில் சுவர். குளிர் உள்ளே வராது, சூடு வெளியே போகாது, சத்தம் எந்தப் பக்கமும் நகராது. புகையில்லா அடுப்பு. தெற்கே கண்ணாடி ஜன்னல். கூரைத் தண்ணீருக்குத் தொட்டி. சித்திரை மாதம் சாவி கொடுத்தபோது எட்டுக் குடும்பமும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டேன்.

பழைய லைனை உடனே இடித்திருக்க வேண்டும். அதன் கல்லையும் தகரத்தையும் வைத்து ஒரு பொதுக்கூடம் கட்டலாம், மழை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பொருளை வீணாக்கக்கூடாது என்பதில் எனக்கு அப்போது ஒரு பெருமை. அந்தப் பெருமை என்ன செய்யப் பார்த்தது என்று கேளுங்கள்.

ஐப்பசி பிறந்து மழை ஆரம்பித்திருந்தது. அறக்கட்டளைச் செயலர், புது வீட்டு வாசலில் குடும்பங்கள் நிற்கிற மாதிரி போட்டோ வேண்டும் என்றார். வெளிச்சத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும், காலை வெளிச்சம் நல்லது என்று யாரோ சொல்ல, முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். பனிமூட்டம் கலைந்திருக்கவில்லை. முதல் வீட்டில் வெளியே பூட்டு. இரண்டாவது வீட்டிலும் பூட்டு. எட்டு வீட்டுக்கும் பூட்டு. எல்லோரும் இத்தனை சீக்கிரம் வேலைக்குப் போய்விட்டார்களா, மூடிய எஸ்டேட்டில் என்ன வேலை என்று குழம்பி நின்றபோது கீழே பார்த்தேன். பழைய லைனின் கதவுகள் திறந்திருந்தன. ஒரு பெண் வாசலில் பாயை உதறிக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் பாக்கியம். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான், ஐந்து வயது மகளோடு இங்கே இருந்தாள். புது வரிசையில் இரண்டாம் வீடு அவளுடையது. என்னைப் பார்த்ததும் பாயைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். திருட்டுத்தனமாக மாங்காய் தின்று மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம்.

"ஏனுங்க மேடம், இத்தன காத்தாலயே வந்துட்டீங்க?"

"இங்கேயா படுத்தீர்கள்?"

"படுக்க மட்டுந்தானுங்க. சோறாக்கறது, துணி தொவைக்கறது எல்லாம் மேல புது ஊட்டுலதானுங்க. நீங்க ஆசையாக் கட்டிக் குடுத்தீங்க, சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு யாரும் சொல்லலீங்க."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆவணியிலிருந்து என்றாள். எட்டுக் குடும்பமுமா என்றதற்குத் தலையாட்டினாள்.

காரணத்தைச் சொன்னது அவளுக்கு அடுத்த அறைக்காரர் செல்லையா. ஐம்பதைத் தாண்டியவர். சின்ன வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம், லைனை லயம் என்றும் அறையைக் காம்பரா என்றும்தான் சொல்வார். ஃபேக்டரியில் இலை வறுக்கும் வேலை பார்த்து நெஞ்சில் தூசி ஏறி, மூச்சு இழுப்பு அவருக்கு. தேயிலை விழுந்த பிறகு மனைவியும் மகளும் திருப்பூருக்குப் பிழைக்கப் போனார்கள். அந்தப் பஞ்சுத் தூசிக்கு இவரால் போக முடியாது. மூன்று வருடமாகத் தனியாள். அவருக்குத்தான் வரிசையின் முதல் வீட்டைக் கொடுத்திருந்தேன், காற்று நன்றாக வரும் என்று.

"அம்மா, அந்த வீட்டுல ஒரு குறையும் இல்ல. ரொம்ப நல்ல வீடு," என்றார். "ஆனா ராவுல இழுப்பு வந்தா நா யாரைக் கூப்புடுறது? வாயில சத்தம் வராது. கை மட்டுந்தான் இருக்கும். லயத்துல கையால செவுத்தைத் தட்டுனாப் போதும், அந்தக் காம்பராவுல இருந்து பாக்கியம் எந்திரிச்சு வந்துரும். உங்க வீட்டுல தட்டுனா என் கைதான் வலிக்கும்."

ஆவணியில் ஒருநாள் அப்படித்தான் ஆகியிருக்கிறது. தட்டிப் பார்த்துவிட்டு, தவழ்ந்து வாசலுக்கு வந்து, தாழ்ப்பாளை எட்டிப் பிடிக்க முடியாமல் கதவடியிலேயே கிடந்திருக்கிறார். காலையில் தேத்தண்ணி கேட்டு வராத ஆளை என்னவென்று பார்க்கப் போய் பாக்கியம் ஜன்னல் வழியாகக் கண்டிருக்கிறாள். "மூஞ்சி நீலம் பாஞ்சு கெடந்தாருங்க. இன்னுங் கொஞ்ச நேரம் போயிருந்தா அவ்வளவுதானுங்க" என்றாள். அன்று மாலையே அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு பழைய அறைக்குத் திரும்பிவிட்டார். ஒற்றையாளாக அங்கே விட முடியாது என்று பாக்கியம் மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். பாக்கியம் போனதும் மூன்றாம் வீட்டுப் பெண்ணுக்குத் தனியாக இருக்கப் பயம், அவள் வீட்டுக்காரன் கேரளாவில் கூலி வேலை. இப்படியே எட்டும்.

எட்டு வீட்டில் ஐந்து வீட்டில் ஓர் ஆள் குறைவு என்பது என் படிவத்திலேயே இருந்தது. 'வீட்டில் எத்தனை பேர்' என்ற கட்டத்தை நானே நிரப்பியிருந்தேன். ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருமுவது, இந்தப் பக்கம் இருப்பவருக்குத் துணை என்று எனக்குத் தோன்றவில்லை. மலையில் மழை பிடித்தால் நாள்கணக்கில் கதவைத் திறக்க முடியாது என்பது தெரிந்தும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். என் ஓரடிச் சுவர் மேல் எனக்கு அத்தனை பாசம்.

அந்தக் கோபத்தோடு லைனின் பின்பக்கம் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தடுப்புச் சுவரில் மழைத் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அந்த மழைக்கு அவையெல்லாம் கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றிலும் சொட்டுக்கூட இல்லை. மண் அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் சுவரின் அடியிலிருந்து செம்மண் கலங்கிய தண்ணீர் கசிந்து வந்தது. சுவரின் நடுப்பகுதி முன்னால் தள்ளியிருந்தது. சித்திரையில் நான் பார்த்தபோது அப்படி இல்லை. மேலே தண்ணீரைக் குடித்து ஊதிப்போன மலை, இங்கே ஒரு பழைய சுவர், அதற்கு ஆறடி முன்னால் எட்டுக் குடும்பம் படுத்து எழுகிறது.

எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். இன்றே, இந்த நிமிடமே மேலே போய்விட வேண்டும், இனி ஒரு ராத்திரிகூட இங்கே படுக்கக்கூடாது. பெண்கள் செல்லையாவைப் பார்த்தார்கள். அவர் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சை ஒழுங்கு பண்ணிக்கொண்டு சொன்னார்:

"இவங்க எல்லாம் போகட்டும்மா. நா இங்கயே இருக்கேன். அங்க போய்த் தனியாச் செத்து, ரெண்டு நா கழிச்சுக் கதவை ஒடச்சு எடுக்குறதுக்கு, மண்ணே மூடிட்டுப் போகட்டும்."

"நீங்க இருந்தா நானும் இருப்பனுங்க," என்றாள் பாக்கியம். அவள் மகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் என்ன செய்வது?

பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒரு போன் இருந்தது. ஓடிப்போய்ச் செயலரைப் பிடித்தேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "கூரைத் தகரத்தைக் கழற்றிவிடுங்கள். கூரை இல்லாத இடத்தில் யார் படுப்பார்கள்?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பதற்றத்தில் இருக்கிறவளுக்கு யாராவது உறுதியான குரலில் ஒரு வழி சொன்னால் அதுவே வேதவாக்காகிவிடும்.

அன்றைக்கு மழைக்குழாய் மாட்ட எங்கள் மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் வந்து சேர்ந்திருந்தார்கள். மேஸ்திரிக்கு என் வயதுதான் இருக்கும். பத்து வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். என் வரைபடத்தைப் பார்த்து அவர் "ம்" என்றால் ஒப்புதல், "சரிங்க" என்றால் ஒப்பவில்லை என்று அர்த்தம். கூரையைக் கழற்றச் சொன்னேன். அவர் "சரிங்க" என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

"என்ன?"

"கழட்டலாமுங்க. கழட்டிப்போட்டா அந்தாளு எங்க போய்ப் படுப்பாருன்னு நெனைக்கறீங்க? கூரையில்லாத செவுத்தோரமாத்தானுங்க படுப்பாரு. அப்ப நனைஞ்சுக்கிட்டுப் படுப்பாரு."

"பின்னே என்ன செய்யச் சொல்கிறீர்கள்?"

"நானென்ன சொல்றதுங்க. அவருகிட்டயே கேளுங்க, என்ன வேணுமுன்னு."

இதைத்தான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வருடத்துக்கு மேலாக அந்த மக்களோடு பழகியிருந்தேன். எங்கே ஒழுகுகிறது என்று கேட்டிருந்தேன், என்ன குறை என்று கேட்டிருந்தேன். என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை. மலை இடியப் போகிற நாளில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

செல்லையா என்னை நிமிர்ந்து பார்த்தார். "தட்டுனாக் கேக்கணும். வேற ஒண்ணும் வேணாம்," என்றார்.

மேலே போனோம். அவர் வீட்டில் அவரை நிற்க வைத்துச் சுவரைத் தட்டச் சொல்லிவிட்டு, நான் பாக்கியத்தின் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காதைச் சுவரில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கரண்டியால் தட்டினார். கேட்கவில்லை. மேஸ்திரி கடப்பாறையின் மொண்ணைப் பக்கத்தால் இடித்தார். எங்கோ யாரோ நெல் குத்துகிற மாதிரி ஒரு சின்ன அதிர்வு. சத்தம் போகாத சுவர் என்று நான் அறக்கட்டளைக்குக் கொடுத்த அறிக்கையில் பெருமையாக எழுதியிருந்தேன் அல்லவா? ஒரு எழுத்தும் பொய்யில்லை.

மணி பதினொன்று ஆகிவிட்டது. மழை வலுத்துக்கொண்டிருந்தது. இடைவெளியில் ஓர் அறை எழுப்பி இரண்டு வீட்டையும் சேர்த்துவிடலாமா என்று கணக்குப் போட்டேன். அதற்கு இரண்டு வாரம் வேண்டும். மணி கட்டலாமா, கயிறு இழுக்கலாமா என்று ஆளுக்கொன்று சொன்னோம். மழையில் நனைந்தால் கயிறு இறுகும், காற்றில் மணி தானாகவே அடித்துக்கொண்டிருக்கும். மேஸ்திரி பாக்கியத்தின் வீட்டுப் பின்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் போட்டது போக மிஞ்சிய இரும்புக் குழாய் ஒன்று அங்கே இரண்டு கவட்டைக் குச்சிக்கு நடுவில் கிடந்தது. பாக்கியம் அதில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, அந்தத் துணியெல்லாம் எடுத்துக்கங்க," என்றார்.

பன்னிரண்டடிக் குழாய். எட்டடி இடைவெளி, இரண்டு சுவருக்கும் ஓரடி ஓரடி. இரண்டு பக்கமும் ஓரடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். செல்லையாவின் கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு துளை, நேரெதிரே பாக்கியம் படுக்கிற மூலையில் ஒரு துளை. என் சுவரில் கடப்பாறை இறங்கியபோது எனக்கு உள்ளே எங்கோ வலித்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு மாதத்துச் சுவர், ஒரு கீறல் இல்லாமல் நின்ற சுவர்.

குழாயைச் செருகிச் சுற்றிலும் சேற்று மண்ணை அடைத்துப் பூசினோம். செல்லையா கரண்டியால் தட்டினார். அந்தப் பக்கம் 'தொப்' என்று கேட்டது. தூங்குகிறவளை எழுப்புகிற சத்தம் அது இல்லை. எல்லோர் முகமும் விழுந்துவிட்டது. மேஸ்திரி மட்டும் அடைத்த மண்ணைத் திரும்பவும் கையாலேயே நோண்டி எடுத்தார். குழாய் மண்ணில் இறுகியிருந்தால் சத்தத்தை மண் தின்றுவிடும், ஆடிக்கொண்டிருக்க விட வேண்டும் என்றார்.

"துளை வழியாகக் காற்று உள்ளே வருமே!" என்றேன். குளிர் புகாத வீடு என்று இன்னொரு வரியும் எழுதியிருந்தேன்.

"வரட்டுமுங்க," என்றார். இரண்டு துளையிலும் தேங்காய் நாரை மட்டும் லேசாகத் திணித்தார்.

இந்த முறை செல்லையா கரண்டியை எடுத்து மெதுவாகத்தான் தொட்டார். 'டங்' என்றது. அந்த வீட்டிலிருந்து பாக்கியம் கத்தினாள்: "கேக்குதுங்க! காதுலயே அடிச்ச மாதிரி கேக்குதுங்க!"

செல்லையா அவ்வளவு சுலபமாக நம்புகிற ஆள் இல்லை. அவளைச் சமையல் பக்கம் போய் நிற்கச் சொல்லித் தட்டினார். போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு படுக்கச் சொல்லித் தட்டினார். பிள்ளையை அழச் சொன்னார், அது அழாமல் சிரித்தது, சிரிக்கும்போதே தட்டினார். பிறகு கட்டிலில் படுத்து, ஆள்காட்டி விரலில் போட்டிருந்த ஒரு செம்பு மோதிரத்தால் மட்டும் தட்டினார், கையில் தெம்பில்லாத நேரத்தில் அவ்வளவுதான் முடியும் என்று. ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கமிருந்து 'டங்' என்று பதில் வந்தது. கடைசியில் எழுந்து உட்கார்ந்து, "சரிம்மா, பாயைக் கொண்டாரச் சொல்லுங்க," என்றார். எனக்கு அவர் காலிலேயே விழலாம் போல இருந்தது.

மூன்று மணிக்குள் எட்டுக் குடும்பத்தின் பாயும் போர்வையும் மேலே வந்துவிட்டன. ஆனால் பழைய லைனின் கூரை அப்படியே இருந்தது. கழற்றியிருக்க வேண்டியதுதான். கொட்டுகிற மழையில் அந்த மக்கிப்போன தகரத்தின் மேல் ஆளை ஏற்றினால் ஆள் உள்ளே விழுவான் என்றார் மேஸ்திரி. அடுத்த நாள் வந்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். திரும்பிப் போய்ப் படுக்க மாட்டோம் என்று எல்லோரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸில் ஏறினேன். அந்த முடிவு சரியா என்று கேட்டால் இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்களை நம்பினேன், ஒரு துண்டுக் குழாயை நம்பினேன்.

அடுத்த நாள் போக முடியவில்லை. மழை எட்டு நாள் விடாமல் அடித்தது. குன்னூர் கோத்தகிரி ரோட்டில் மூன்று இடத்தில் மண் சரிந்தது. மரங்கள் விழுந்து கம்பிகள் அறுந்து, டீக்கடை போனும் செத்துவிட்டது. கைபேசி அந்தப் பக்கம் வந்திராத காலம். அந்த எட்டு நாளும் நான் அலுவலக ஜன்னலில் நின்றுகொண்டு, வேறொன்றும் செய்யாமல் மழையைப் பார்த்தேன். ஒரு குழாயில் எட்டுக் குடும்பத்தைக் கட்டிப்போட்டு வந்திருக்கிறேனே என்று நினைப்பேன். முதல் இரண்டு வீட்டுக்குத்தான் குழாய், மற்ற ஆறு வீட்டுக்கு ஒன்றுமில்லையே என்று ஐந்தாம் நாள்தான் உறைத்தது. மூன்றாம் வீட்டுக்காரி பயந்து கீழே போயிருந்தால் நான்காம் வீட்டுக்காரி போயிருப்பாள். அவர்கள் போயிருந்தால் பாக்கியமும் போயிருப்பாள்.

ஒன்பதாம் நாள் மழை விட்டது. பஸ் போகிற வரை போய், அதற்கப்பால் நானும் மேஸ்திரியும் சேற்றில் நடந்தோம். மண் சரிவுகளின் மேல் ஏறி இறங்கி மூன்று மணி நேரம். வளைவு திரும்பினால் எஸ்டேட் தெரியும். திரும்பினோம்.

பழைய லைன் இல்லை. அது இருந்த இடத்தில் மலையிலிருந்து இறங்கிய செம்மண் கிடந்தது. ஒரே ஒரு தகரம் மட்டும் மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். மேட்டுப் பக்கம் பனிமூட்டம் மூடியிருந்ததால் புது வீடுகள் கண்ணில் படவில்லை. வீடு இருக்கிறதா என்பது கவலையில்லை, அதற்குள் ஆள் இருக்கிறார்களா என்பதுதான்.

அந்தப் பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"ஏனுங்க, எத்தன வாட்டிதான் தட்டுவீங்க? தேத்தண்ணி கொதிக்கறதுக்குள்ள உசுரை வாங்கறீங்களே!"

பாக்கியத்தின் குரல். அவ்வளவு கடுப்பான, அவ்வளவு இனிமையான குரலை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. ஓடினேன். வழுக்கி விழுந்து, எழுந்து, திரும்பவும் ஓடினேன். வீடுகளுக்கு நடுவில் போய் நின்றபோதுதான் கவனித்தேன். இரண்டாம் வீட்டிலிருந்து மூன்றாம் வீட்டுக்கு ஒரு வேலிக்கம்பி போயிருந்தது, முனையில் பால் டின் மூடி ஒன்று. மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குத் தேயிலை நிறுக்கிற பழைய தராசின் தண்டோடு சேர்த்துக் கட்டிய கம்பி. அடுத்ததில் உடைந்த குடைக்கம்பிகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். எட்டாம் வீடு வரைக்கும் ஒவ்வொரு சுவரிலும் துளை. என் அழகான சுவர்கள் எல்லாவற்றிலும் ஒரு துளை. அத்தனை துளையையும் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்றால் நீங்கள் நம்ப வேண்டும்.

நான் செல்லையாவின் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தது. எல்லோரும் சுற்றி நின்றார்கள். பாக்கியம் கையில் டம்ளரைத் திணித்தாள். என்ன நடந்தது என்று கேட்டேன். செல்லையா கட்டிலில் சாய்ந்தபடியே சொன்னார்.

"நீங்க போன மறுநாளே மத்தவங்களும் நனைஞ்சுக்கிட்டே தொளை போட்டுக் கம்பி மாட்டிக்கிட்டாங்க. நாலாம் நா, விடியக் கொஞ்ச நேரம் இருக்கும். மலை உறுமுன மாதிரி ஒரு சத்தம். வீடே ஆடிச்சு. கீழ லயம் போயிருச்சுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. வெளிய மழை, கதவைத் தெறக்க முடியல. பயந்துக்கிட்டு எவளாச்சும் ராவோட ராவா கீழ போயிருந்தா? யாரு போனா, யாரு இருக்கான்னு எப்பிடித் தெரியும்? குழாயை ஒரு தட்டுத் தட்டுனேன். பாக்கியம் பதிலுக்குத் தட்டுச்சு. அது மூணாம் வீட்டைத் தட்டி, அவ நாலாம் வீட்டைத் தட்டி, அப்பிடியே போச்சு. கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்த முனையில இருந்து திரும்பி வர ஆரம்பிச்சுச்சு. எட்டு, ஏழு, ஆறுன்னு ஒவ்வொரு வீடும், பேசி வச்சபடி, வந்த தட்டோட தன் தட்டு ஒண்ணையும் சேத்து அனுப்புச்சு. நா படுத்த வாக்குல விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன்."

அவர் ஒரு வாய் தேத்தண்ணி குடித்தார்.

"ஒண்ணும் கொறையலம்மா. எண்ணி முடிச்சுட்டுத் திரும்பிப் படுத்தேன் பாருங்க, மகளும் அவங்கம்மாவும் போன இந்த மூணு வருசத்துல அன்னிக்குத்தான் விடியுறது தெரியாமத் தூங்கிட்டேன்."